அறுபதில் எண்பத்துநாலு

கண்ணாடியில் சிவப்பும் நீலமும் முளைத்தபோது
கையில் பதினொரு நிமிடம் இருந்தது.
டாஷ்போர்டுப் பெட்டி அதை எண்ணிக்கொண்டிருந்தது.
பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேலே
ஒரு நிமிடம் ஓட்டினாலும்
அது கம்பனிக்குச் சொல்லும்,
கம்பனி எனக்குச் சொல்லும்.
ஒரு சட்டம் துரத்த
இன்னொரு சட்டத்தின் மடியில் போய் விழுந்தேன்.

உப்சாலா.
தண்டர் பேக்கு மேற்கே
பதினேழாம் நெடுஞ்சாலை மூச்சுவாங்க நிற்கிற ஓர் ஊர்.
லொறிகள் படுக்கும் திடல் இரண்டு கிலோமீற்றர் முன்னே.
அதன் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.
அதைப் பார்த்துத்தான் மிதித்தேன்.

பொலிஸ்காரருக்கு இதைச் சொல்ல
நல்ல ஆங்கிலம் நாலு வரி கட்டி வைத்திருந்தேன்.
அவர் கேட்டதோ
என்ன ஏற்றிப் போகிறீர் என்று.
தயிர்.
பதினெட்டுத் தொன்.
ஸ்ட்ராபெரி, வனிலா, சும்மாத் தயிரும்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
இருபத்தைந்து வயது இருக்கலாம்,
மூக்கு சிவந்து,
குளிரில் எழுத மறுத்த பேனையை
வாயால் ஊதி ஊதிச் சூடாக்கினார்.
பூஷே என்று நெஞ்சில் இருந்தது.

என் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார்.
கூட்டினேன்.
நடுவில் தொலைத்துவிட்டு மறுபடி கேட்டார்,
மறுபடி கூட்டினேன்.
டிக்கெட்டின் கட்டம் ‘அமிர்தகுல’வோடு முடிந்துவிட்டது.
நாதன் வெளியே, பனியில்.
அவனுக்குத் தண்டமும் இல்லை, புள்ளியும் இல்லை.

எழுதி முடியவும் பெட்டி சிவந்தது.
அந்தா தெரிகிற திடல்தான், என்றேன்.
அவர் திடலைப் பார்த்தார்.
பெட்டியைப் பார்த்தார்.
வேகத்துக்கு எழுதிய கை
நேரத்துக்கும் எழுதவா என்று யோசித்ததை
நான் பார்த்தேன்.
பிறகு, மூடிக்கிடந்த பெற்றோல் நிலையத்தின் முன்னால்
நாங்கள் நின்ற சரளையைச் சப்பாத்தால் தட்டினார்.
இங்கேயே படும்.
பிடிபட்ட இடத்திலேயே பாய் விரித்தேன்.

வதனியை எழுப்பவில்லை.
டிஸ்பாச் கில்லுக்கு மட்டும் செய்தி.
எத்தனை புள்ளி, என்று உடனே கேட்டான்.
அடுத்ததாய்த் தயிரைக் கேட்டான்.
என்னைக் கேட்டது மூன்றாவதாய்,
அதுவும் ஒரு கட்டைவிரல் படம்.

தயிர்ப்பெட்டியின் குளிர் இயந்திரம் இரவெல்லாம் உறும
படுத்தபடியே கணக்குப் பார்த்தேன்.
தண்டம் நூற்றுச் சொச்சம்.
இன்சூரன்ஸ் மூன்று வருடம்.
போராடுவோம் அண்ணை, என்று
நகுலேசன் கேட்கப்போகிற எண்ணூறு டொலர்.
எந்தப் பக்கம் கூட்டினாலும்
அடியில் என் கையெழுத்துத்தான்.

ஏழு கிழமை கழித்து
மிஸிசாகாவில், இறக்குவதற்கு வரிசையில் நிற்கையில்
வழக்குத்தொடுநரின் அழைப்பு வந்தது.
மிஸ்டர் அமிர்தகுலா?
அந்த நாலு வரி ஆங்கிலமும் இப்போது நாற்பதாகியிருந்தது:
பதினொரு நிமிடம், திடல், மஞ்சள் வெளிச்சம்.
எழுபத்தைந்து என்று போடுகிறேன், என்றார்,
புள்ளி இல்லை, ஒத்துக்கொள்கிறீரா?
பின்னால் இன்னொரு டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது.
என்னுடைய அரைப்பெயர் ஓம் என்றது.

அவரிடம் சொல்லாதது ஒன்று.

அந்தக் காலை, விடிந்தும் விடியாமலும்
ஆரோ பார்ப்பதுபோல் இருந்து கண்ணைத் திறந்தேன்.
பள்ளிப் பஸ்ஸுக்கு நின்றன இரண்டு பிள்ளைகள்,
றோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டில்
சப்பாத்து நுனியை வைத்து வைத்து எடுத்தபடி.
நாற்பது தரமாவது இந்த ஊரைக் கடந்திருப்பேன்.
இங்கே பிள்ளைகள் இருக்கலாமென்று
ஒருதரம்கூடத் தோன்றவில்லை.

சின்னவள் என்னைக் கண்டாள்.
கையை உயர்த்தி,
இல்லாத கயிறொன்றைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.
இழுத்தேன்.
உப்சாலா முழுவதும் நாய்கள் எழும்பின.
எங்கோ ஒரு ஜன்னலில் விளக்கு வந்தது.

ஓய்வு முடிய இன்னும் ஆறு நிமிடம், என்றது பெட்டி.
அவள் கை மறுபடி மேலே போயிற்று.